போன குளிர்காலத்துக் காய்ச்சல்

ஆகஸ்ட் 9

அன்புத் தம்பிக்கு,

உன் அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் நலம். உன் வாய்ப்புண் ஆறியதா, சாப்பாடு இறங்குகிறதா, உன் வீட்டுக்காரியும் குட்டியும் எப்படி இருக்கிறார்கள் என்று எழுது. போன் வேண்டாம். போன் எடுத்தால் இரண்டாவது நிமிடமே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அது எனக்கு வசதி.

உன் ஆஸ்பத்திரியிலிருந்து நேற்று கூப்பிட்டார்கள். என் ரத்தம் உனக்குப் பொருந்துகிறதாம். அரைகுறையாக இல்லை, முழுப் பொருத்தம். "உங்க எலும்பு மஜ்ஜையை எடுத்து உங்க தம்பிக்கு ஏத்தலாம்மா" என்று கூப்பிட்ட பெண் சொன்னபோது நான் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன், பஸ் நிறைய ஆள். என்னை அறியாமல் விசிலை ஊதிவிட்டேன். வண்டி நின்றது. "யாரு இறங்கணும்?" என்று டிரைவர் திரும்பினார். "யாரும் இறங்க வேணாம். என் தம்பி பொழச்சுக்குவான்" என்றேன். முன்சீட்டில் இருந்த அம்மாள் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். உனக்கும் எனக்கும் ஒரு விஷயத்தில்கூட ஒத்துப்போனதில்லை. ரத்தம் மட்டும் எப்படியோ ஒத்துப்போய்விட்டது.

மஜ்ஜை எடுக்கும்வரை எனக்குச் சளி, காய்ச்சல் எதுவும் வரக்கூடாதாம், முக்கியமாக ஃப்ளூ. அந்தக் கவலை உனக்கு வேண்டாம். போன குளிர்காலத்தில்தான் ஃப்ளூ என்னைப் படுக்கையில் போட்டுப் புரட்டி எடுத்ததே! வந்தவளுக்குத் திரும்ப வராது. சின்ன வயதில் நம் இருவருக்கும் தட்டம்மை வந்தது, மறுபடி வந்ததா? இதுவும் அப்படித்தான்.

தைரியமாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

ஆகஸ்ட் 21

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மூன்று பேரும் இருக்கிறோம். வாய்ப்புண் பரவாயில்லை. மருந்தில் முடி கொட்டத் தொடங்கியதும் குட்டி தானே என் தலையைச் சிரைத்துவிடுவதாகச் சொன்னாள். ஆறு வயதுப் பெண்ணிடம் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பதைவிட இந்த ரத்தப் புற்றுநோய் ஒன்றும் பெரிய பயமில்லை.

நடக்கப்போவதை உனக்குப் புரியும்படி சொல்கிறேன். முதலில் கடுமையான மருந்து கொடுத்து என் மஜ்ஜையை மொத்தமாக அழித்துவிடுவார்கள். பிறகுதான் உன்னுடையது. நான் லிஃப்ட் மெக்கானிக், எனக்கு இப்படித்தான் விளங்குகிறது: பழைய கயிற்றை அறுத்த பிறகுதான் புதுக் கயிறு கட்ட முடியும். எங்கள் தொழிலில் கூண்டைச் சங்கிலியில் தொங்கவிட்டுத்தான் கயிற்றில் கை வைப்போம். இங்கே சங்கிலி கிடையாது. அறுத்ததற்கும் கட்டுவதற்கும் நடுவில் கூண்டுக்குள் நான் நிற்பேன். அக்டோபர் முப்பது அன்று சேர்க்கிறார்கள்.

உன் தட்டம்மைக் கதையை டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "தட்டம்மைக் கிருமி காலம் காலமா ஒரே முகத்தோட சுத்துது, உடம்பு அதை மறக்காது. ஃப்ளூ அடிக்கடி முகத்தை மாத்திக்கும். உங்க அக்கா உடம்புக்குப் பழைய முகந்தான் தெரியும்" என்றார். அந்த பஸ்ஸை விட்டுவிடேன், அக்கா. ஊரே உன் முகத்தில்தானே இருமுகிறது.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

செப்டம்பர் 6

அன்புத் தம்பிக்கு,

அனைவரும் நலம்தானே? எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, மனதுதான் நன்றாக இல்லை. உன் டாக்டர் சொன்னதைப் படித்துக் கோபம் வந்தது. அத்தனை நாள் காய்ச்சலில் கிடந்ததற்கு ஒரு மரியாதை வேண்டாமா? நேராக எங்கள் தெருமுனை டாக்டரம்மாவிடம் போனேன்.

"போன பிப்ரவரியில வந்துச்சு. எத்தனை மாசம் தாங்கும்? ஒரு கணக்குச் சொல்லுங்க" என்றேன்.

"பால் பாக்கெட் மாதிரி இதுக்குத் தேதி அச்சடிச்சு வராதும்மா. அதே கிருமி அப்படியே திரும்பி வந்தா சில வருஷங்கூட உடம்பு சமாளிச்சுடும். ஆனா ரத்தத்துல இருக்கிற எதிர்ப்பு மாசம் போகப்போகக் குறையும். அதுக்குள்ள கிருமியும் மாறும்." என் பழைய சீட்டைப் புரட்டினார். "உங்களுக்கு வந்தது ஏ வகை. பி வகைன்னு ஒண்ணு இருக்கு. அது வந்தா இந்த எதிர்ப்பு பெருசா உதவாது."

"அப்ப நான் படுத்துக் கிடந்தது வீணா?"

"வீணில்ல. ஆனா அதை மட்டும் நம்பி உங்க தம்பி உசிரைப் பணயம் வைக்க முடியாது. புதுத் தடுப்பூசி அக்டோபர்ல வரும். வந்த அன்னைக்கே வாங்க. அது வேலை செய்ய ரெண்டு வாரம் ஆகும்."

அங்கிருந்து டிப்போவுக்குப் போனேன். "பஸ்ஸை விட்டு உன்னை இறக்க ஆளில்லைன்னு நினைச்சேன். நீயா இறங்குறியா?" என்றார் மேலாளர். விவரம் சொன்னேன். தலையைச் சொறிந்தார். அக்டோபரிலிருந்து தொலைந்த பொருள் அறையில் உட்காரச் சொல்லியிருக்கிறார். குடையும் ஒற்றைச் செருப்பும் இருமாது அல்லவா?

ஒரு நல்ல செய்தி. உன் மருமகனுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. டிசம்பர் பத்து. பெண் எங்கள் டிப்போ கணக்காளர் மகள், வாயாடி, எனக்குப் பிடித்துவிட்டது. நீ வர முடியாது, தெரியும். உன் பங்குக்கும் சேர்த்து நான் முன்வரிசையில் உட்கார்ந்து அழுகிறேன்.

குட்டிக்கு முத்தம்.

உன் அக்கா

செப்டம்பர் 24

அக்காவுக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். மருமகனுக்கு என் வாழ்த்து. அந்த வாயாடிக்கு என் அனுதாபம், மாமியாரை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

போன வாரம் மறுபடி ஊசியால் மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் எதிர்பார்த்தபடிதான். குட்டி பள்ளியிலிருந்து வந்ததும் கை கழுவி, உடை மாற்றி, பிறகுதான் என் அறை வாசலில் நிற்கலாம் என்று அவள் அம்மா சட்டம் போட்டிருக்கிறாள். குட்டி வாசலில் நின்று, "லிஃப்ட் வந்துடுச்சா? ஏறலாமா?" என்று கேட்கிறாள். "இன்னும் ரிப்பேர்" என்கிறேன்.

உன்னை நினைத்துத்தான் கவலை. ஊசியை மறக்காதே.

தம்பி

நவம்பர் 4

அன்புத் தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே கை கூசுகிறது. நாலு நாளாக எழுத உட்காருவதும் எழுந்துவிடுவதுமாக இருக்கிறேன். காய்ச்சல் இறங்கிவிட்டது. உட்கார முடிகிறது.

ஊசி வந்த அன்றே போட்டுக்கொண்டேன். அது வேலை செய்யத் தொடங்குவதற்குள் ஒரு டிரைவர் குடையைத் தேடிக்கொண்டு என் அறைக்கு வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் நின்று குனிந்து இருமினார். குடை கிடைத்தது. எனக்கும் கிடைத்தது. நீ சேர வேண்டிய அன்று காலை எழுந்தபோது தொண்டையில் மணல் போட்டதுபோல் இருந்தது. உடம்பு சுட்டது. உன் அத்தான், "வெறும் ஜலதோஷமா இருக்கும். ஒரு மாத்திரை போட்டுட்டு மத்தியானம் வரைக்கும் பாரு. எல்லாம் தயாரா இருக்கிற நேரத்துல அவங்களைக் கலைக்காதே" என்றார். அவர் நல்லதற்குத்தான் சொன்னார். மாத்திரையைக் கையில் எடுத்தும்விட்டேன்.

பிறகு மாத்திரையை வைத்துவிட்டு ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டேன். "நிச்சயமா ஃப்ளூதானாம்மா?" என்று அந்தப் பெண் கேட்டாள். "நிச்சயமில்ல. அதனாலதான் கூப்பிடுறேன்" என்றேன். மாலையில் பரிசோதனை முடிவு வந்தது. பி வகை. டாக்டரம்மா சீட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நான்தான், "நீங்க சொன்னீங்க" என்றேன்.

பக்கத்து வீட்டில், ஊசி போட்டதால்தான் காய்ச்சல் வந்தது என்று பேச்சு. ஊசி எங்கே இருமிற்று? இருமியது குடைக்காரர். அதை விடு. உன் தேதி போய்விட்டது. நான் என்ன சொல்லட்டும்?

அக்கா

நவம்பர் 9

அக்காவுக்கு,

நலம். நீ நன்றாகத் தேறியதைக் கேட்டுச் சந்தோஷம். தேதி தள்ளிப்போனதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவசரமே இல்லை என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். குளிர் முடியட்டும், கல்யாண வேலையைப் பார், மார்ச்சில் பார்க்கலாம். குட்டியோடு இன்னும் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கலாமே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

நவம்பர் 14

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். உங்களுக்கும் அண்ணனுக்கும் உடம்பு சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன். நான் இப்படித் தனியாக எழுதுவது அவருக்குத் தெரியாது.

அவர் உங்களுக்கு என்ன எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியும், அண்ணி. உங்கள் மனம் நோகக்கூடாது என்று எழுதுகிறார். செப்டம்பரில் எடுத்த பரிசோதனையே நன்றாக இல்லை. மருந்துக்கு நோய் அடங்க மறுக்கிறது. இப்போது ஒரு மருந்தில் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். அது புது வருஷம் வரைக்கும் தாங்கினாலே பெரிது என்று டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். "மார்ச்ன்னு ஒரு தேதி இல்லம்மா" என்றார்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அக்டோபர் முப்பது அன்று காலை நாங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டோம். மஜ்ஜையை அழிக்கும் மருந்தைக் கலந்து எடுத்துவந்து கம்பியில் மாட்டியிருந்தார்கள். நர்ஸ் குழாயை அவர் கையில் இணைக்கப்போன நேரத்தில் வெளியிலிருந்து ஒருவர் ஓடிவந்து நிறுத்தச் சொன்னார். உங்கள் போன்தான். மத்தியானம் வரை நீங்கள் பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உங்கள்மேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. ஆனால் இவரை மார்ச் வரை காத்திருக்க விடாதீர்கள். அவர் உங்கள் பேச்சுக்குத்தான் கட்டுப்படுவார்.

வணக்கத்துடன்,
உங்கள் தம்பி மனைவி

நவம்பர் 23

தம்பிக்கு,

நான் நலம். நீ நலமில்லை என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று யாரையும் குடையாதே. உன் பொய்யை உன் ஐந்தாவது வயதிலிருந்தே கண்டுபிடித்து வருகிறேன்.

உன் டாக்டரோடு நானே பேசிவிட்டேன். டிசம்பர் இருபது நீ சேர்கிறாய். இருபத்தெட்டு என் இடுப்பெலும்பிலிருந்து எடுத்து உனக்கு ஏற்றுகிறார்கள். இதில் உன் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை.

உடம்பு முழுக்கத் தேறிவிட்டது. ஊசியும் இப்போது வேலை செய்யத் தொடங்கியிருக்கும் என்றார் டாக்டரம்மா. "ஏவும் வந்தாச்சு, பியும் வந்தாச்சு, இனிமே என்னடி வரப்போகுது?" என்கிறார் உன் அத்தான். ஒன்றும் வராமல் இருக்கலாம். ஆனால் ஒரு தடவை நம்பிக் கெட்டது போதும். இந்த முறை நான் கதவை நம்புகிறேன்.

மாடி அறைக்குப் போய்விட்டேன். டிப்போவுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. தன் சைக்கிள் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பேசிவிட்டு வரும் உன் அத்தான் படிக்கட்டில் தட்டை வைத்துவிட்டு, கதவைத் தட்டிவிட்டு, ஓடிவிடுகிறார். முப்பது வருஷத்தில் அவர் இவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நடக்கிறேன். எங்கள் ரூட் பஸ் கீழே போகும்போது புதுக் கண்டக்டர் பையன் என்னைப் பார்த்து விசில் ஊதுகிறான். மொட்டை மாடியில் துணி உலர்த்தும் பக்கத்து வீட்டுக்காரி, "யாரோட சண்டை?" என்று கேட்டாள். "ஒரு கிருமியோட" என்றேன்.

ரயில் வேண்டாம் என்றுவிட்டேன். உன் அத்தான் நண்பரின் காரில், பின்சீட்டில், ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வருகிறேன். மார்ச் என்ற வார்த்தையை இனி என் காதில் போடாதே.

உன் அக்கா

டிசம்பர் 14

அக்காவுக்கு,

நலமா? நீ சொன்னபடி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் புது மருமகள் கல்யாணப் படத்தை அனுப்பியிருக்கிறாள். நல்ல பெண், நல்ல சிரிப்பு. மருமகன் கோட்டில் ரொம்பவே விறைப்பாக நிற்கிறான். அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். சம்பந்தி வீட்டார், டிப்போ ஆட்கள், உன் டிரைவர், எல்லோரும் இருக்கிறார்கள். படத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். குட்டியும் தேடினாள்.

நீ எங்கே?

தம்பி

டிசம்பர் 17

தம்பிக்கு,

நலம். தும்மல்கூட இல்லை.

அந்தப் படத்தை எடுத்தது நான்தான். மண்டபத்துக்கு வெளியே பெரிய ஜன்னல் ஒன்று இருக்கிறது. அங்கே நின்றேன். பையனும் பெண்ணும்தான் எல்லோரையும் ஜன்னல் பக்கமாகத் திருப்பி நிறுத்தினார்கள். பையன் முகம் ஏன் அவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று இப்போது புரிந்ததா? அழாமல் நிற்கச் சொல்லியிருந்தேன்.

அவனுக்குக் கோபம் இல்லை. "நீ உள்ள வந்தாதான் நான் ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போடுவேன்" என்று முதலில் முரண்டு பிடித்தான். "உன் மாமா ஒருத்தன்தான்டா, கல்யாணத்துக்கு ஜன்னல் இருக்கு" என்றேன். போட்டுவிட்டான்.

சரி, அது முடிந்தது. இதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதக்கூடாது. எழுதினால் எலும்பைத் தர மாட்டேன்.

காரில் கிளம்ப மூட்டை கட்டிவிட்டேன்.

அக்கா

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். எழுத்து கோணலாக இருக்கும், கை நடுங்குகிறது. உன் இடுப்பு வலி போய்விட்டதா? படி ஏற முடிகிறதா?

உன் மஜ்ஜையைக் கொண்டுவந்து மாட்டியபோது பார்த்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பை, சிவப்பாக. இதற்காகவா இத்தனை பேர் இத்தனை மாதம் என்று தோன்றியது. மறுநாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ நொண்டிக்கொண்டு வந்து, நர்ஸைத் திட்டிக்கொண்டே எனக்குக் கையசைத்தது ஞாபகம் இருக்கிறது. அதன் பிறகு சில நாள் ஞாபகமில்லை. என் வீட்டுக்காரியிடம் கேட்காதே, அவள் அழுதுவிடுவாள். மூன்றாவது வாரத்தில் ஒரு காலை டாக்டர் முகமூடிக்குள் சிரிப்பது தெரிந்தது. "முளைக்குது" என்றார். உன்னுடையதுதான் முளைத்தது.

கல்யாணத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. நீ எழுதக்கூடாது என்றாய்.

தம்பி

அக்டோபர் 11

அன்பு அக்காவுக்கு,

எல்லோரும் நலம். இந்த முறை இதைப் பொய்யில்லாமல் எழுதுகிறேன். அத்தான், மருமகன், உன் மருமகள் எல்லோருக்கும் என் அன்பு. நீ மறுபடி பஸ்ஸில் ஏறியதும், முதல் நாளே யாரையோ இறக்கிவிட்டதும் கேள்விப்பட்டேன்.

நேற்று எங்கள் வட்டார ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். பழைய மஜ்ஜையோடு என் உடம்பின் பழைய ஞாபகமும் பெரும்பாலும் போய்விட்டதாம். தட்டம்மை வந்தது, சின்ன வயதில் போட்ட ஊசிகள், எதையும் நம்ப முடியாதாம். அதனால் பச்சைக் குழந்தைக்குப் போடும் ஊசிகளை ஒவ்வொன்றாக எனக்கும் போட வேண்டும். குழந்தைகள் ஊசி அறை வாசலில் தாய்மார் வரிசையில் நின்றேன். நர்ஸ் நிமிராமல், "குழந்தை எங்க?" என்றாள். "நாந்தாங்க" என்றேன். குட்டி என் கையைப் பிடித்து, "அழமாட்டாரு. நான் பாத்துக்கிறேன்" என்றாள். வரிசையே சிரித்தது. சின்ன வயதில் என்னைத் தூக்கி வளர்த்தது போதாதென்று, எலும்பும் கொடுத்து மறுபடி குழந்தையாக்கிவிட்டாய்.

கடைசியாக மூன்று பேருக்கும் ஃப்ளூ ஊசி. குட்டி கையைத் தடவிக்கொண்டே, "இது எவ்வளவு நாளைக்கு?" என்று கேட்டாள். நர்ஸ் அடுத்த சீட்டைப் பார்த்துக்கொண்டே, சாதாரணமாக, "இந்தக் குளிருக்குத் தாங்கும்மா. அடுத்த வருஷம் அப்பாவைத் திரும்பக் கூட்டிட்டு வா" என்றாள்.

அவள் வேறு யாருக்கோ ஊசியை எடுக்கத் திரும்பிவிட்டாள். நான்தான் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வருஷம் என்று என்னிடம் யாரும் இவ்வளவு அலட்சியமாகச் சொல்லி ரொம்ப நாளாகிவிட்டது, அக்கா.

"சரி, வரோம்" என்றேன்.

தம்பி